அறிவியல் வரலாற்றுப் புகைப்படங்களில் அலங்காரத் தலையணை: படம் தேடுவது முதல் துவைப்பது வரை

சோபாவிலும் கட்டிலிலும் போட்டு வைக்கும் சின்னத் தலையணைகளுக்குப் பழைய அறிவியல் புகைப்படங்கள் அருமையாகப் பொருந்தும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, இல்லையென்றால் ஒரே நிறத்தின் சாயல்கள் என்பதால் எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகும். பனித்துகளின் ஆறு கைகள், கடற்பாசியின் கிளைகள், நிலவின் பள்ளங்கள் என்று வடிவங்கள் தாமாகவே டிசைனாக அமைந்துவிடுகின்றன. ஆனால் இந்தப் படங்கள் ஒவ்வொன்றும் எதையோ கண்டுபிடிக்கவோ நிரூபிக்கவோ எடுக்கப்பட்டவை. ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று பார்க்க ஒருவர் கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். சதையைத் தாண்டி எலும்பு தெரிகிறதா என்று பார்க்க இன்னொருவர் மனைவியின் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொன்னார். துணியில் ஏறிய பிறகும் அந்த விஷயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். படம் தேர்வது, வெட்டுவது, அச்சடிப்பது, தைப்பது என எல்லாக் கட்டத்திலும் நான் பார்ப்பது அதைத்தான்.

1. எந்தப் படம்?

தலையணை தட்டையான சட்டம் கிடையாது. நடுவில் உப்பும், ஓரங்களில் சரியும், மூலைகளில் சுருங்கும். சுவரில் அழகாக இருக்கும் படம் இங்கே எடுபடாமல் போகலாம். நடுவில் ஒரே உருவம் இருந்து, ஓரத்தில் இழப்பதற்கு ஒன்றும் இல்லாத படமே முதல் முயற்சிக்கு நல்லது.

அதற்கு வில்சன் பென்ட்லியின் பனித்துகள்களை மிஞ்ச எதுவும் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி அவர். நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து 1885 ஜனவரி 15 அன்று முதல் பனித்துகளைப் படம் பிடித்தார். 1931-ல் மறைவதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருந்தார். அவர் படங்களில் துகளைச் சுற்றியுள்ள கருமை தானாக வந்ததல்ல. நெகடிவ் நகலில் துகளின் விளிம்பை ஒட்டி மேற்பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுப்பார். அச்சில் அந்த இடம் கறுப்பாக விழும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த விளிம்பில் கை வேலையின் சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் தெரியும். அதை மென்பொருளில் மழித்துச் 'சுத்தம்' செய்துவிடாதீர்கள்.

நீலம் பிடித்தவர்களுக்கு அன்னா அட்கின்ஸ். பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றிய தன் நூலை 1843-லிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டவர். கேமராவே பயன்படுத்தவில்லை. ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த சயனோடைப் என்ற நீல அச்சு முறையில், ரசாயனம் பூசிய தாளில் பாசியை நேரடியாக வைத்து வெயிலில் காட்டினார். அதனால் அந்தப் படங்கள் பாசியின் நிஜ அளவிலேயே இருக்கின்றன. 45 செ.மீ. தலையணை முழுக்க நிரப்பிப் பெரிதாக்குவதைவிட, 30 × 40 செ.மீ. உறையில் நிஜ அளவிலேயே வைத்து மிச்சத்தை நீலமாக விடுவதுதான் எனக்குப் பிடிக்கும். இந்த முறையை வீட்டிலேயே செய்யலாம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன் எடுத்த கைப் படத்தைத் தேடுபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் 1895 டிசம்பர் 22 அன்று மனைவி அன்னா பெர்த்தாவின் கையை அவர் படம் எடுத்தார். அது மங்கலானது. விரல் எலும்புகள் நிழல் போலத் தெரியும், மோதிரம் கரும் பொட்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இணையத்தில் 'பெர்த்தாவின் கை' என்று சுற்றும் தெளிவான படம் பல சமயம் 1896 ஜனவரி 23 அன்று ஒரு சொற்பொழிவில் எடுத்த, உடற்கூறியலாளர் ஆல்பர்ட் ஃபான் கோலிகரின் கை. அதிலும் மோதிரம் இருப்பதால் குழப்பம். இரண்டுமே நல்ல தலையணைதான். எது யாருடையது என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: இந்தப் பழைய பிரதிகளில் எலும்பு கறுப்பாக இருக்கும். மருத்துவமனை எக்ஸ்ரே போல வெள்ளையாக்க வேண்டும் என்று நிறத்தைத் தலைகீழாக்கினால் அது வேறு படமாகிவிடும்.

முதலில் சொன்ன ஓடும் குதிரையைப் படம் பிடித்தவர் மைபிரிட்ஜ். அவரது 1878 குதிரைப் படம் 12 கட்டங்கள், மூன்று வரிசை. அகலமான படம் என்பதால் 30 × 50 செ.மீ. நீள்சதுரத் தலையணைக்கு ஏற்றது. சதுரத்துக்காக வெட்டும்போது பலர் மேல் வரிசையைத்தான் தியாகம் செய்கிறார்கள். நான்கு கால்களும் வயிற்றின் கீழ் மடங்கி அந்தரத்தில் நிற்கும் கட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை போனால் படம் எடுத்த காரணமே போய்விடும்.

விண்வெளிப் படங்களில் 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த 'பூமி உதயம்', 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17-லிருந்து எடுத்த, முழு வட்டமாகப் பூமி தெரியும் 'நீலக் கோலி' இரண்டும் நன்றாக அமையும். நீலக் கோலி வட்டத் தலையணைக்கென்றே எடுத்தது போல இருக்கும். விண்மீன் புள்ளிகளை நம்பியிருக்கும் படங்கள் வேறு கதை. சூரியனருகே விண்மீன் ஒளி வளையும் என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்க 1919 மே 29 அன்று எடுத்த சூரிய கிரகணப் படத்தில், அளந்து பார்த்த விண்மீன்கள் ஊசிமுனை அளவே இருக்கும். பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் இடையில் அவை காணாமல் போய், கிரகண வளையம் மட்டும் மிஞ்சும். வளையமும் அழகுதான், ஆனால் சோதனையின் உயிர் அந்தப் புள்ளிகளில் இருந்தது.

விஞ்ஞானிகளின் முகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் உப்பும்போது மூக்கு பெரிதாகும், கண்கள் ஓரத்துக்குச் சரியும், கடைசியில் யாராவது அதன் மேல் உட்காருவார்கள். இயற்பியலாளர்கள் 29 பேர் வரிசைகளாக இருக்கும் 1927 சால்வே மாநாட்டுப் படம் வேண்டுமென்றால் நீள்சதுரத்தில், முடிந்தவரை பெரிதாகப் போடுங்கள். பழைய மருத்துவ நூல்களில் உள்ள நோயாளிகளின் படங்களையும், மனித இனங்களை 'அளக்க' என்று எடுத்த படங்களையும் தொடவே வேண்டாம். அவர்கள் சம்மதம் கேட்கப்படாதவர்கள். அவர்களை இன்னொரு முறை காட்சிப்பொருளாக்க எந்த நியாயமும் இல்லை.

2. பயன்படுத்தும் உரிமை

பழையது என்பதாலேயே ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. பல நாடுகளில் படம் எடுத்தவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பது பொதுக் கணக்கு. அட்கின்ஸ், மைபிரிட்ஜ், ரான்ட்கன் எல்லாம் இந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டவர்கள்.

தயங்க வேண்டியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். டிஎன்ஏ-யின் சுருள் வடிவத்துக்குத் துப்புக் கொடுத்த எக்ஸ்ரே படமான 'படம் 51', 1952-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலின்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்தது. நடுவில் கறுப்புப் பெருக்கல் குறியோடு தலையணைக்கு அளவெடுத்தது போன்ற படம்தான். ஆனால் அனுமதி வாங்காமல் அச்சடித்து விற்கக் கூடாது. பால் துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் ஹரால்ட் எட்ஜர்ட்டனின் 1957 படத்துக்கும் அதே விதி. பழைய படத்துக்கு வண்ணம் சேர்த்த பிரதி என்றால், சேர்த்தவருக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். அந்த வண்ணங்களும் பெரும்பாலும் ஊகமே என்பதால் நான் அவற்றை ஒதுக்கிவிடுவேன்.

நாசா படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் நாசா சின்னத்தைப் போடக் கூடாது, அடையாளம் தெரியும் விண்வெளி வீரரின் உருவத்தை விற்பனைப் பொருளில் அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வெளியிடும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களுக்குப் படத்துக்குரியவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

தேடும் இடமும் முக்கியம். அட்கின்ஸின் பாசிப் பக்கங்கள் நியூயார்க் பொது நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பில் உள்ளன. மைபிரிட்ஜுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பென்ட்லிக்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், மருத்துவம் சார்ந்தவற்றுக்கு லண்டனின் வெல்கம் தொகுப்பு. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமைக் குறிப்பு இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. கோப்பைத் தயார் செய்வது

துணிக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும். 45 செ.மீ. உறைக்குத் தையல் ஓரத்தோடு 47 செ.மீ. துணி வேண்டும், அதற்குக் குறைந்தது 2,800 பிக்சல் அகலம். தளர்ந்த நெசவு என்றால் 120 வரை இறங்கலாம். 800 பிக்சல் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். அதே படத்தின் பெரிய ஸ்கேன் எங்காவது நூலகத்தில் இருக்கும்.

ஏஐ கொண்டு பெரிதாக்கும் கருவிகளை இந்த வேலைக்கு நான் அறவே சேர்ப்பதில்லை. படத்தில் இல்லாத விவரத்தை அவை ஊகித்து நிரப்பும். பனித்துகளுக்குப் புதுக் கிளை முளைக்கும், எலும்பில் இல்லாத ரேகை ஓடும், நிலவில் யாரும் பார்க்காத பள்ளம் வரும். பூ டிசைனில் அது குற்றமில்லை, ஆதாரமாக எடுத்த படத்தில் பெரிய குற்றம். படம் சிறியதாக இருந்தால் தலையணையைச் சிறியதாக்குங்கள், அல்லது நடுவில் சின்னதாக அச்சடித்துச் சுற்றிலும் வெற்று ஓரம் விடுங்கள்.

அடுத்து இடம் வலம். கண்ணாடி நெகடிவைத் தவறான பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்தால் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும். முழு நிலவுப் படம் என்றால் சோதிப்பது சுலபம். கதிர்கள் விரியும் டைக்கோ பள்ளத்தையும், ஓரத்தில் தனியாக நிற்கும் நீள்வட்டக் கரும்பகுதியான கிரிசியத்தையும் (நிலவின் 'கடல்' என்பார்கள்) கண்டுபிடியுங்கள். டைக்கோ கீழே இருந்தால் கிரிசியம் வலது மேற்புறம் இருக்க வேண்டும். டைக்கோ மேலே இருந்தால் கிரிசியம் இடது கீழ்ப்புறம். தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகக் காட்டும் என்பதால் பழைய நிலவுப் படங்கள் பல இரண்டாவது வகை, அது சரியானதே. இந்த இரண்டிலும் சேராவிட்டால் படம் இடம் வலம் மாறியிருக்கிறது, திருப்பிவிடுங்கள்.

மேல் கீழ் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பூமி உதயத்தை நாம் நிலவுத் தரை கீழே இருக்கும்படி பார்த்துப் பழகிவிட்டோம். ஆண்டர்ஸ் எடுத்தபோது அந்தத் தரை பக்கவாட்டில் செங்குத்தாக இருந்தது. நீலக் கோலியின் மூலப்படத்தில் தென்துருவம் மேலே இருந்தது, பிறகுதான் சுழற்றி வெளியிட்டார்கள். தலையணையை யார் எப்படித் திருப்பிப் போட்டாலும் இந்த இரண்டும் பொய்யாகாது.

கடைசியாகக் கருமை. துணி மையைக் குடிக்கும். திரையில் கரும்சாம்பலாகத் தெரிவது துணியில் முழுக் கறுப்பாகிவிடும். நிழல் பகுதிகளைத் திரையில் கொஞ்சம் வெளிறியதாகத் தோன்றும் அளவுக்கு வெளிச்சமாக்குங்கள். முக்கியமான எதையும் தையலிலிருந்து 3 செ.மீ.க்குள் வைக்காதீர்கள்.

4. துணியும் அச்சும்

பாலியஸ்டர் துணிக்கு சப்ளிமேஷன். மை ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்குவதால் துவைத்தால் உரியாது, தொட்டால் பிளாஸ்டிக் போலவும் இருக்காது. தாளில் அச்சடித்து ஹீட் பிரஸ்ஸில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் போல அழுத்துவார்கள். வெள்ளை அல்லது வெளிர் துணியில்தான் வரும். நிலவு, பூமி போன்ற நுண்விவரப் படங்களுக்கு இதுவே நல்லது.

பருத்திக்கும் லினனுக்கும் டிஜிட்டல் பிக்மென்ட் (நிறமி மை) அச்சு. கறுப்பு கொஞ்சம் மங்கலாக, பழைய தாளின் சாயலோடு வரும். அட்கின்ஸுக்கும் மைபிரிட்ஜுக்கும் இந்த மங்கல் பொருத்தமாக இருக்கும். நெருக்கமான நெசவாகக் கேளுங்கள். முரட்டுக் கேன்வாஸில் பனித்துகளின் மெல்லிய கிளைகள் உடைந்து தெரியும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் டிரான்ஸ்ஃபர் தாள் மலிவு, ஆனால் மேலே ஒரு படலமாக நின்று சில துவைப்பில் வெடிக்கும். பரிசுப் பொருளுக்கு அது வேண்டாம்.

எந்த முறையானாலும் முழுப் படத்துக்கு முன் 10 செ.மீ. அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். படத்தின் மிகக் கருமையான இடமும் மிக நுண்ணிய இடமும் அதில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படம் நான்கு நிற மையில் அச்சாகும்போது பச்சையோ ஊதாவோ லேசாகத் தலைகாட்டும். அதைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். குழல் விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

5. வீட்டிலேயே நீல அச்சு

அட்கின்ஸின் முறை இன்றும் அப்படியே வேலை செய்கிறது, மெஷின் எதுவும் தேவையில்லை. வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும், பாலியஸ்டர் ஆகாது. கடைக் கஞ்சி போக நன்றாக அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள்.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் மட்டுமே, சமையலுக்குத் திரும்பப் போகாத பாத்திரம். பூசுவதற்குச் சற்று முன் இரண்டையும் சம அளவில் கலக்க வேண்டும். ஒரு தலையணைத் துணிக்குக் கலவை 100 மி.லி. தாராளம். கையுறை கட்டாயம். ஃபெரிசயனைடை அமிலத்தோடு சேர்க்கவோ அடுப்பில் சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கட்டத்தைப் பெரியவர்கள் செய்து, வெயிலில் வைக்கும் கட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடலாம்.

மங்கலான மஞ்சள் விளக்கில் ஸ்பாஞ்சால் பூசி, இருட்டில் முழுதாகக் காயவையுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் படம் கலங்கும். நெகடிவுக்கு, படத்தின் நிறத்தைத் தலைகீழாக்கி, இடம் வலம் மாற்றி, ஒளி ஊடுருவும் ஷீட்டில் அச்சடிக்க வேண்டும். துணியில் வெள்ளையாக வர வேண்டிய பாசி, ஷீட்டில் கறுப்பாக இருக்கும். மை பட்ட பக்கம் துணியைத் தொடும்படி வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். நெகடிவ் இல்லாமல் காய்ந்த பெரணி இலை ஒன்றை வைத்தாலும் போதும். அட்கின்ஸ் செய்ததும் அதுதானே.

உச்சி வெயிலில் 10 முதல் 20 நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள்: மூடாத ஓரம் மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் பூத்தாற்போல் ஆக வேண்டும். நீலமானதுமே எடுத்துவிட்டால் அலசும்போது பாதி போய்விடும். பிறகு குளிர்ந்த தண்ணீரில், மஞ்சள் நீர் வருவது நிற்கும் வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். முழு ஆழ நீலம் ஒரு நாளில் ஏறும்.

6. தைப்பது

45 செ.மீ. சதுரத்துக்கு: முன்பக்கம் 47 × 47 செ.மீ., பின்பக்கத்துக்கு 47 × 32 செ.மீ. துண்டுகள் இரண்டு. படத்தின் கருமையையோ நீலத்தையோ ஒத்த வெற்று நிறத் துணி பின்னால் நன்றாக இருக்கும். பின்துண்டுகளில் நீளமான ஒரு ஓரத்தை மட்டும் 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. என இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். படத்தின் நல்ல பக்கம் மேலே தெரிய முன்துணியை விரித்து, அதன் மேல் இரண்டு பின்துண்டுகளையும் நல்ல பக்கம் கீழாக, மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று 11 செ.மீ. ஏறும்படி வையுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. விட்டு ஒரு தையல், பிசிறாமல் ஓரத்துக்கு ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக். ஜிப் தேவையில்லை.

மூலைகள் நாய்க்காது போல நீட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க, தைப்பதற்கு முன் ஒவ்வொரு மூலையிலும் இரு பக்கத்திலிருந்தும் 1 செ.மீ. உள்ளே ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து பக்க நீளத்தின் கால்பங்கு தூரத்தில் துணி ஓரத்தோடு கலக்கும்படி சரிவாகக் கோடு போட்டு வெட்டி, அந்தப் புது ஓரத்தையொட்டித் தையுங்கள். மைபிரிட்ஜ் போன்ற கட்டங்கள் உள்ள படத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோடு தையலுக்கு இணையாக ஓடாவிட்டால் 2 மி.மீ. கோணலும் கண்ணில் குத்தும். துணியை வெட்டும்போது அச்சின் கோட்டை வைத்து வெட்டுங்கள், துணியின் கரையை வைத்து அல்ல.

உள்ளே போடும் தலையணை 50 செ.மீ. இருந்தால் உறை விறைப்பாக நிற்கும். கட்டப் படங்களுக்கு மட்டும் அதிகம் உப்பாத 45 செ.மீ. போதும்.

திறப்பின் உள்பக்கம் 5 × 8 செ.மீ. பருத்தித் துண்டில் ஒரு குறிப்புச் சீட்டு தைத்து வைப்பது என் வழக்கம். படம் எது, எடுத்தவர் யார், எங்கே, எப்போது, எதைக் காட்ட; கடைசி வரியில் எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தது. பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையுள்ள படங்களுக்கு அந்தக் கடமையும் இதிலேயே தீரும். விருந்தினர் கையில் எடுத்து 'இது என்ன?' என்று கேட்கும்போது உறையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

7. துவைப்பதும் வைப்பதும்

உறையை உள்புறமாகத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான திரவ சோப்பில் துவையுங்கள். இஸ்திரி எப்போதும் பின்பக்கத்தில். பிக்மென்ட் அச்சு உரசினால் தேயும் என்பதால் பிரஷ் ஆகாது. கறுப்புப் பின்னணியில் தூசியும் முடியும் பளிச்சென்று தெரியும். ஒட்டும் ரோலரால் எடுத்துவிட்டால் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்காது.

வீட்டில் செய்த நீல அச்சுக்குத் தனி விதி உண்டு. சலவை சோடா, பிளீச், பாஸ்பேட் கலந்த பவுடர் எதுவும் ஆகாது. காரம் பட்டால் நீலம் வெளுத்து மஞ்சளாகும். வெயிலில் வெளிறினால் பதற வேண்டாம். இருட்டான அலமாரியில் சில நாட்கள் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பி வரும். காரத்தில் போனது மட்டும் திரும்பாது. மற்ற அச்சுகள் வெளிறினால் வெளிறியதுதான். ஜன்னலோர சோபாவுக்கு நீல அச்சையும், உள்ளறைக்கு மற்றவற்றையும் ஒதுக்குங்கள். திருத்திய கோப்பையும் மாதிரித் துண்டையும் பத்திரப்படுத்தி வைத்தால், உறை தேய்ந்த பின் அதே படத்தை அதே கருமையில் மறுபடி அச்சடிக்கலாம்.